ஆறு வீட்டுக்கு ஒரு நடுவர்

இந்த அலுவலகத்துத் தேநீர் நன்றாக இருக்கிறது என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பால் கொஞ்சம் குறைவு, ஆனால் சூடு உண்டு. எத்தனையோ வருடமாக இப்படியான மேசைகளின் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்காக மொழிபெயர்த்திருக்கிறேன். ஒருநாளாவது எனக்கென்று ஒரு கோப்பை வந்ததில்லை. உபசாரம் எல்லாம் சந்தேக நபருக்குத்தான் என்பது இப்போதுதான் தெரிகிறது.

அதிகாரி அம்மா, நீங்கள் எனக்காக வரவழைத்த மொழிபெயர்ப்பாளரை நான் குறை சொல்லவில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளை, இங்கே கார்ல்ஸ்ரூஹேயில் பொறியியல் படிக்கிறாள். நான் வாயைத் திறந்ததும், "சார், கொஞ்சம் ஸ்லோவா சொல்லுங்க ப்ளீஸ், உங்க தமிழ் எனக்கு ஃபுல்லா பிடிபடல" என்றாள். என் தமிழ் பிடிபடாத ஒருவர் மூலமாக என் குற்றம் உங்களிடம் வந்து சேர்வதை நான் விரும்பவில்லை. அதனால்தான் தாள் கேட்டேன். எனக்கு ஜெர்மன் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும். ஆனால் ஜெர்மனில் எழுதினால் நான் கொஞ்சம் அடக்கமான ஆளாகத் தெரிவேன். அது சரியான படம் ஆகாது.

நீங்கள் கேட்பது பிளோறன்ஸின் சாவைப் பற்றி. நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முந்தின இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, முதலாம் மாடியில் குடியிருந்த பிளோறன்ஸ் தன் வீட்டுக் குளியலறையில் இறந்துபோனார். அடுப்பில் ஆட்டிறைச்சிக் கறி கொதித்துக்கொண்டிருந்தது. கணவர் கொட்வினும் மகள் வெரோனிக்காவும் வந்ததும் சாப்பிட்டுவிட்டு, மூன்று பேருமாகப் பின்னேரப் பூசைக்குப் போவதாக இருந்தது. அந்தச் சாவுக்கு நான் எவ்வளவு பொறுப்பு என்பதுதான் கேள்வி. ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது என் வருத்தம், மருந்தில்லாத நோய்.

என் பெயர் ஜேசுரட்ணம். இந்த ஊர்த் தமிழருக்கு நான் லோயர் அண்ணை. கொழும்புச் சட்டக் கல்லூரிக்கு நான் ஒரு வருடம்கூட முழுதாகப் போகவில்லை. எண்பத்து மூன்றில் கலவரம் வந்தது. கப்பலேறி யாழ்ப்பாணம் போனேன், பிறகு கிழக்கு பெர்லின் வழியாக இங்கே வந்து சேர்ந்தேன். கலவரம் வராமல் இருந்திருந்தால் முதலாம் வருடப் பரீட்சையில் கட்டாயம் கோட்டை விட்டிருப்பேன். படிப்பு ஏன் முடியவில்லை என்று கேட்பவர்களிடம் கலவரத்தைச் சொல்ல முடிந்தது. எங்கள் சனத்துக்கு வந்த பேரழிவில் இலாபம் கண்ட ஒரே மாணவன் நானாகத்தான் இருக்க வேண்டும்.

இங்கே வந்து உருளைக்கிழங்கு உரித்தேன், கோப்பை கழுவினேன், பிறகு அகதி விசாரணைகளில் மொழிபெயர்க்கத் தொடங்கினேன். நாட்டின் பெரிய நீதிமன்றங்கள் இருக்கும் ஊர் இது. அந்தக் கட்டடங்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொள்வேன். உள்ளே இருந்த ஒருவரும் என்னைக் கவனித்ததில்லை. ஆனாலும் அந்தத் தெருவில் நடக்கும்போது நானும் அந்தத் தொழிலில் இருப்பவன் போலத்தான் நடப்பேன்.

சிறீதரனை உங்களுக்குத் தெரியும். பக்கத்து அறையில் இருக்கிறார். தமிழ்க் கடை வைத்திருப்பவர். அரிசி, கருவாடு, மிளகாய்த்தூள், டெலிபோன் கார்ட், எல்லாம் அவரிடம் உண்டு. 2005இல் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு பழைய கட்டடத்தை வாங்கினார். அதில் ஆறு வீடு. குடிவந்தவர்கள் எல்லாரும் எங்கள் ஆட்கள். முன்பு வேறொரு இடத்தில் அவருடைய குடியிருப்பாளர்கள் எல்லாரும் கூடி அவரை அதிகாரிகளிடம் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பயம் அவருக்குப் போகவில்லை.

"அண்ணை, ஒராள் வந்து கேட்டா நான் சமாளிப்பன். ஆறு பேரும் ஒண்டா வந்து வாசல்லை நிண்டா நான் என்ன செய்யிறது? இதுக்கு ஒரு வழி சொல்லுங்கோ" என்றார்.

வழி என்னிடம் தயாராக இருந்தது. அமெரிக்காவில் இருக்கும் என் மருமகன் றெக்ஸ் தன்னுடைய கைத்தொலைபேசி ஒப்பந்தத்தை விளங்கப்படுத்தச் சொல்லி எனக்கு அனுப்பியிருந்தான். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. வாடிக்கையாளர் நீதிமன்றம் போகமாட்டார், தகராறை ஒரு நடுவர் தீர்ப்பார். அதோடு, வாடிக்கையாளர் தன் குறையைத் தனக்காக மட்டும் சொல்வார், மற்ற வாடிக்கையாளரோடு கூட்டுச் சேர்ந்து வழக்காடமாட்டார். அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எவ்வளவு மரியாதையான நிபந்தனை என்று தோன்றியது. ஒருவருடைய வாயையும் அது அடைக்கவில்லை. எல்லாரும் பேசலாம், ஆனால் ஒவ்வொருவராகப் பேச வேண்டும், அவ்வளவுதான். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அப்படி ஒரு ஒழுங்கை நாங்கள் கண்டதில்லை.

றெக்ஸின் கேள்விக்கு நான் இன்றுவரை பதில் போடவில்லை. ஆனால் அந்த நிபந்தனையைத் தமிழாக்கினேன். "குடியிருப்பவர் தம் குறையைத் தாமே, தமக்காக மட்டும், நடுவரிடம் மட்டும் தெரிவிப்பார். பிற குடியிருப்பாளருடன் சேர்ந்து முறையிடவோ, முறைப்பாட்டைப் பற்றி அவர்களுடன் கலந்து பேசவோ மாட்டார்." கலந்து பேசுவதைப் பற்றிய பகுதி அமெரிக்கக்காரரிடம் இல்லை. அது என் சொந்தச் சேர்க்கை. நடுவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். எனக்கும் ஆறாவது வீடு கிடைத்தது. நடுவரும் குடியிருப்பவராக இருப்பதால், நானும் அதே தாளில் கையெழுத்து வைத்தேன். அந்த அளவுக்கு நேர்மையான மனிதன்.

இது செல்லுமா என்று நீங்கள் கேட்டீர்கள். நல்ல கேள்வி. நானும் கேட்டேன். நீதிமன்ற நடைபாதையில் எனக்குப் பழக்கமான ஒரு ஜெர்மன் சட்டத்தரணியிடம், யாரோ ஒருவருக்காகக் கேட்பது போல, விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். "கூட்டு வழக்கா? அப்படி ஒன்று இந்த நாட்டில் குடியிருப்பாளருக்குக் கிடையாதே, ஹெர் ஜேசுரட்ணம். இல்லாத ஒன்றை எதற்குத் தடை செய்கிறார்கள்?" என்றார். வாடகை வீட்டில் ஒருவர் இருக்கலாமா, வெளியேற வேண்டுமா என்பதை ஒரு தனியார் நடுவரிடம் விடுவதற்கே சட்டம் இடம் கொடுக்காது என்றார். அமெரிக்காவிலேயே சில நீதிமன்றங்கள் இப்படியான நிபந்தனையை ஏற்கின்றன, சில கிழித்துப் போடுகின்றன என்றும் சொன்னார். "மிச்சம் என்ன இருக்கிறது? அயலவர்கள் படிக்கட்டில் கதைக்கக்கூடாது என்கிறது உங்கள் தாள். அதற்கு எந்த நீதிபதி முத்திரை குத்துவார்?"

ஆக, முதல் நாளிலிருந்தே அது வெறும் தாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு நிபந்தனை செல்லுபடியாவது வேறு, சனம் அதற்குக் கட்டுப்படுவது வேறு. முதலாவதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதை நான் பார்த்துக்கொண்டேன்.

புது வீட்டுக்குப் போனால் எங்கள் சைவ ஆட்கள் முதலில் பால் காய்ச்சுவார்கள். பால் பொங்கி வழிந்தால் அந்த வீட்டில் எல்லாம் நிறையும் என்பது நம்பிக்கை. வேதக்கார வீடு என்றால் பாதர் வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். அந்த நேரத்தில் ஒருவரும் ஒன்றுக்கும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள்; சொன்னால் அபசகுனம். மூன்றாம் மாடிக்கு வந்த பாமாவின் வீட்டில் பால் பொங்கின கையோடு, நெற்றியில் சந்தனம் காய முன்னரே, தாளை நீட்டினேன். பாமாவின் கணவர் தாரகன் மட்டும், "அண்ணை, இதை நான் ஆறுதலா வாசிச்சுப்போட்டுத் தரட்டோ?" என்று கேட்டார். பாமா அவரை ஒரு பார்வை பார்த்தார். கையெழுத்து விழுந்தது. பிளோறன்ஸ் வீட்டில் பாதர் தீர்த்தம் தெளித்து முடித்த உடனேயே தாளை வைத்தேன். ஒரு துளி அதன் ஓரத்தில் விழுந்தது. பிளோறன்ஸ் கையெழுத்து வைத்துவிட்டுச் சிலுவை அடையாளமும் போட்டுக்கொண்டார். எந்த நோட்டரியாலும் அப்படி ஒரு உறுதியைத் தந்திருக்க முடியாது.

அடுத்த வருடம் உலகக் கோப்பைக் கோடை. நாடு முழுக்கக் கொடியும் பியரும். எங்கள் முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஜெர்மன்காரர் வெளியே தொலைக்காட்சி வைத்து ஆட்டம் பார்த்தார்கள். எங்கள் ஆட்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக் கருவாடு பொரித்தார்கள். இரண்டு கொண்டாட்டமும் ஒத்துப்போகவில்லை. முறைப்பாடு வந்தது. சிறீதரன் உடனே இறப்பர் வைத்து இறுக்கிய புது ஜன்னல்கள் போட்டார். மூடிக்கிடந்த உணவகம் ஒன்றிலிருந்து, அடுப்புக்கு மேலே பூட்டிப் புகையை வெளியே இழுத்துத் தள்ளும் மெஷின்களும் வாங்கினார். கடைச் சமையலுக்குச் செய்தவை, சின்னக் குசினியில் விமானம் கிளம்புவது போலச் சத்தம். வீட்டு விதிகளில் ஒரு புது வரியை நான் எழுதினேன்: சமைக்கும்போது எல்லா ஜன்னலையும் பூட்ட வேண்டும், மெஷின் முழு வேகத்தில் ஓட வேண்டும். நல்ல வரி. சுருக்கமானது. முறைப்பாடு நின்றது. அந்த நாள்களில் நான் என்னைப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன்.

குளியலறைச் சுவரில் தொங்கிய பழைய காஸ் சுடுதண்ணீர்ப் பெட்டிகளைச் சிறீதரன் மாற்றவில்லை. அவை நன்றாகத்தான் வேலை செய்தன.

எங்கள் ஆட்களின் பழக்கம் ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். சனி, ஞாயிறுகளில் இறைச்சியை அடுப்பில் ஏற்றிவிட்டு, அது வேகும் நேரத்தில் முழுகப் போவார்கள். கோவிலுக்கோ பூசைக்கோ போகிறவர் தலையில் கறி வாசத்தோடு போகமுடியுமா? மெஷின் உறுமிக்கொண்டிருக்கும், ஜன்னல் எல்லாம் என் விதிப்படி பூட்டியிருக்கும், குளியலறையில் சுடுதண்ணீர் ஓடும். ஜெர்மன்காரர் காலையில் அவசரமாகக் குளிப்பார், மாலையில் சூப் சூடாக்குவார். அவருக்கு இப்படி ஒரு நேரம் வாய்க்காது. எங்களுக்கு ஒவ்வொரு வார இறுதியும் வாய்த்தது.

இலையுதிர் காலத்தோடு என் சனிக்கிழமைகள் களைகட்டின. என் குசினி மேசையில் உட்கார்ந்து குறை கேட்பேன். மேலே கோட், கழுத்தில் டை, கீழே சாரம். சாரத்தை மேசை மறைத்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனி நேரம் குறித்து டெர்மின் கொடுத்திருந்தேன். ஒருவர் படியிறங்கி வீட்டுக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் மற்றவர் ஏற வேண்டும். படிக்கட்டில் சந்தித்தால் ஒப்பந்தம் மீறப்படும் அல்லவா?

முதலில் பாமா வந்தார். "முழுகிப்போட்டு வந்தா தலை வெடிக்கிற மாதிரி இடிக்குது அண்ணை. ஆற்றையோ நாவூறு. புது ஜன்னலைக் கண்டு ஆரோ பொறாமைப்பட்டிட்டினம்" என்றார். கேட்டேன், யோசித்தேன், தீர்ப்புச் சொன்னேன். நாவூறு கழிப்பதற்குச் சிறீதரன் தன் கடையிலிருந்து செத்தல் மிளகாய் ஒரு பை இலவசமாகக் கொடுக்க வேண்டும். கொடுத்தார். பிறகு கீழ்வீட்டு நாகமுத்து அண்ணை வந்தார். தனியாக இருக்கும் மனிதர். சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு முடிந்தால் தலை இடித்து, வயிற்றைப் புரட்டிச் சத்தி வருகிறது, கால் சோர்கிறது, பிறசர் குளிசை ஒத்துவரவில்லைப் போல என்றார். அவருக்கு, கொஞ்சம் உட்கார்ந்து ஆறிப்போக, படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு கதிரை. மற்ற இரண்டு வீட்டுக்காரரும் தலையிடி என்றுதான் வந்தார்கள். ஒருவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்ற சந்தேகம், மற்றவருக்குத் தூக்கம் போதவில்லை என்ற கவலை. எல்லாருக்கும் பொருத்தமான தீர்ப்புக் கிடைத்தது. ஒருவரும் வெறுங்கையோடு போகவில்லை.

ஐந்து வீட்டிலும் ஒரே தலையிடி என்பதைக் கவனிக்க ஒருவரால் மட்டும்தான் முடியும். அந்த ஒருவர் நான். பாமா தன் தலையிடியை நாவூறு என்று நம்பினார், ஏனென்றால் நாகமுத்து அண்ணைக்கும் அது இருப்பது அவருக்குத் தெரியாது. நாகமுத்து அண்ணை குளிசையைக் குற்றம் சொன்னார், ஏனென்றால் பாமா குளிசை போடுவதில்லை என்பதைப் பற்றி நினைக்க அவருக்குக் காரணமே இல்லை. எல்லாத் துண்டும் என் மேசைக்கு வந்து சேர்ந்தன. இப்படி ஒரு முழுப் பார்வை ஒரு நடுவருக்குத்தான் வாய்க்கும் என்று பெருமையாக நினைத்துக்கொண்டேன்.

பிளோறன்ஸ் இரண்டு தடவை வந்தார். முதல் தடவை அவருக்குக் குளியலறைக்குப் புதிய திரை கிடைத்தது. இரண்டாம் தடவை டிசம்பர் நடுவில், ஒரு சனிக்கிழமை. முகம் வெளுத்திருந்தது. தட்டில் வடை கொண்டுவந்திருந்தார்.

"அண்ணை, வேலைக்குப் போனா சுகமாக் கிடக்கு. வீட்டை வந்து முழுகினா திரும்பப் பிடிச்சுக்கொள்ளுது. போன கிழமை குளியலறைக்கை முழங்கால் மடிஞ்சு இருந்திட்டன். வெரோனிக்காவுக்குச் சொல்லேல்லை, பிள்ளை பயந்திடும்."

"டொக்டரிட்டைக் காட்டினீங்களோ?"

"காட்டினனான். இரத்தம் காணாதாம், இரும்புக் குளிசை தந்தவர்." வடைத் தட்டை என் பக்கம் தள்ளினார். பிறகு, "மேல் வீட்டுப் பாமா நெத்தியிலை துணி கட்டிக்கொண்டு போனதைக் கண்டனான் அண்ணை. அவவுக்கும் இப்பிடித்தானோ எண்டு ஒருக்காக் கேக்கட்டோ?" என்றார்.

"ஏலாது பிளோறன்ஸ். கையெழுத்து வைச்சிருக்கிறியள். பாதர் பக்கத்திலை நிண்டவர்."

"ஓம் அண்ணை. நான் கேக்கேல்லை" என்றார்.

வடை நன்றாக இருந்தது. அடுத்த வாரம் தீர்ப்புச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் என்பது அவருக்கு மறுநாளோடு முடிந்துவிட்டது.

ஞாயிறு மத்தியானம் கொட்வின் கத்தின சத்தம் கேட்டுத்தான் நான் கதவைத் திறந்தேன். மகளைப் பாடல் பயிற்சியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தவர், குளியலறைக் கதவை உடைத்திருந்தார். குசினியில் மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வந்த மருத்துவரின் இடுப்பில் இருந்த சின்னக் கருவி ஒன்று உள்ளே போனதுமே கீச்சிட்டது. எல்லாரையும் வெளியே போகச் சொன்னார்கள். தீயணைப்புப் படை வந்தது. ஆறு வீட்டுச் சனமும் முற்றத்தில், குளிரில், ஈரத் தலையோடும் வீட்டுச் செருப்போடும் நின்றோம். முறைப்பாடு எழுதின ஜெர்மன்காரர்கள்தான் போர்வை கொண்டுவந்து கொடுத்தார்கள்.

தீயணைப்பு அதிகாரி என்ன நடந்தது என்று விளக்கினார். மெஷின் வீட்டுக் காற்றை வெளியே உறிஞ்சுகிறது. ஜன்னல்கள் இறுகப் பூட்டியிருப்பதால் உள்ளே காற்று வர வழியில்லை. அப்போது காற்று புகைபோக்கி வழியாகத் திரும்பி வருகிறது, சுடுதண்ணீர்ப் பெட்டியின் நச்சுப் புகையையும் இழுத்துக்கொண்டு. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இதை எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்க்க ஒருவர் தேவைப்பட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன். ஒரு பிழையும் விடவில்லை.

நான் முடித்ததும் சனம் போர்வைகளை இழுத்துப் போர்த்திக்கொண்டது. பிறகு பாமா மெதுவாக, "எனக்கும் அப்பிடித்தான் இருந்தது" என்றார். "எனக்கும்தான் பிள்ளை. நான் பிறசர் எண்டு இருந்திட்டன்" என்றார் நாகமுத்து அண்ணை. மற்ற இரண்டு வீட்டுக்காரரும் சொன்னார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள், ஒருவர் பேச்சை மற்றவர் முடித்துவைத்தார்கள். அந்தக் கட்டடத்தில் நான் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதே இல்லை. என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"ஒராள் ஒராளாக் கதையுங்கோ" என்றேன்.

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வெரோனிக்கா போர்வைக்குள் நின்றாள். "அம்மா உங்களிட்டைச் சொன்னவா தானே மாமா" என்றாள். ஓம் என்றேன். கொட்வின் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். அவர், "அண்ணை, நாங்கள் ஆறு வீடும் ஒருக்கா ஒண்டா இருந்து கதைச்சிருந்தா" என்று தொடங்கினார், முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

இதுவரை எழுதியதை மட்டும் பார்த்தால் நான் ஒரு முட்டாள். தன் கையில் துண்டுகள் எல்லாம் இருந்தும் பொருத்திப் பார்க்கத் தெரியாத, டை கட்டின முட்டாள். இந்த வாக்குமூலத்தை இங்கேயே முடித்துவிடலாம் என்றும் யோசித்தேன். முட்டாள்தனத்துக்குத் தண்டனை குறைவு என்பது ஒரு வருடம் சட்டம் படிக்காதவனுக்கும் தெரியும். ஆனால் நேற்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் இரத்தம் எடுத்தார்கள். ஐந்து வீட்டுக்காரரின் இரத்தத்திலும் அந்த வாயு இருந்தது. ஆறாவது வீட்டுக்காரரின் இரத்தத்தில் ஏன் இல்லை என்று கேட்டீர்கள். நான் உங்களைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன், மன்னியுங்கள்.

பிளோறன்ஸ் வடையோடு வந்த சனிக்கிழமைக்கு முந்தின புதன்கிழமை, புகைபோக்கி பரிசோதிப்பவர் வந்தார். கறுப்பு உடுப்பு, பொத்தான் எல்லாம் பளபளப்பு. அவரைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்று இந்த ஊர்ச் சனம் சொல்லும். மற்ற வீட்டுக்காரர் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள், நாகமுத்து அண்ணை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். என் குசினியில் மெஷினைக் கண்டார், போட்டுப் பார்த்தார், குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடியைப் பிடித்தார். கண்ணாடி மங்கியது; புகை வெளியே போகாமல் வீட்டுக்குள் திரும்புகிறது என்பதற்கு அது அடையாளமாம். இந்த மெஷின் ஓடும்போது ஜன்னல் திறந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒருநாள் எழும்பமாட்டீர்கள் என்றார். நன்றி சொன்னேன். மற்ற வீடுகளிலும் இந்த மெஷின் உண்டா என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். "என் வீட்டைப் பற்றி மட்டும்தான் என்னால் பேசமுடியும்" என்றேன்.

அவர் அதை ஒரு ஜெர்மன் மரியாதையாக எடுத்துக்கொண்டார். மற்ற வீடுகளுக்கு ஜனவரியில் டெர்மின் போட்டார். என் மெஷினைப் பற்றிச் சிறீதரனுக்குச் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டார். நான் சொல்லவில்லை. தனக்கு ஒன்றும் தெரியாது என்று சிறீதரன் பக்கத்து அறையில் அழுதுகொண்டிருந்தால், அந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வதை நம்புங்கள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லியிருந்தால் ஆறு வீடும் கூடியிருக்கும். கூடினால் தலையிடிகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், பிறகு தாளை எடுத்து வாசிப்பார்கள், தாரகன் அதை யாராவது உண்மையான சட்டத்தரணியிடம் கொண்டுபோவார், அவர் சிரிப்பார். அதோடு என் சனிக்கிழமைகள் முடிந்திருக்கும். நான் மறுபடியும் மற்றவர்களின் சொல்லைத் தூக்கிச் சுமக்கும் கூலியாள். ஜனவரி வரைக்கும்தானே, அதுவரை தாங்குவார்கள் என்று கணக்குப் போட்டேன். பிளோறன்ஸ் முழங்கால் மடிந்த கதையைச் சொன்னபோதுகூட அந்தக் கணக்கை நான் மாற்றவில்லை. அவர் சாகக்கூடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வடையைச் சாப்பிட்டேன்.

அந்தப் புதன்கிழமையிலிருந்து என் குசினி ஜன்னல் திறந்தபடி இருந்தது. பனி உள்ளே வந்தது; கோட்டோடு சமைத்தேன். நான் எழுதின வீட்டு விதியை நானே மீறினேன், அதற்காக வருந்துகிறேன்.

ஆனால் ஒன்றை எனக்குச் சாதகமாகப் பதிவு செய்யுங்கள், அதிகாரி அம்மா. பாமாவும் நாகமுத்து அண்ணையும் மற்றவர்களும் அன்றைக்கு முற்றத்தில் நின்று ஒப்பந்தத்தைக் காற்றில் விட்டார்கள். என் வீட்டுக் குறையை நான் ஒருவரோடும் கலந்து பேசவில்லை, தனியாகவே தீர்த்துக்கொண்டேன். கையெழுத்து வைத்த அத்தனை பேரிலும் சொன்ன சொல்லைக் கடைசிவரை காப்பாற்றியவர்கள் இரண்டே பேர், பிளோறன்ஸும் நானும்.